கட்டுநாயக்காவிலிருந்து இரவோடு இரவாக

கனடாவிலும் ஐரோப்பாவிலும் கோடை விடுமுறை தொடங்கியதும் வன்னிக்கு வரும் குடும்பங்கள், பெட்டி அடுக்குவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட வான் பிடிப்பதில் காட்டுவதில்லை. நுளம்புக்குப் பூசும் களிம்பு முதல் உறவுகளுக்கான சொக்கிளேற் வரை எல்லாம் நிறுத்து அடுக்கப்படுகின்றன. முழுப் பயணத்திலும் உயிராபத்துக் கூடிய பகுதியோ, கட்டுநாயக்காவிலிருந்து கிளிநொச்சிக்கு இரவோடு இரவாக ஓடும் அந்த ஏறத்தாழ 300 கிலோமீற்றர். அதைப் பகலுக்கு மாற்றுவதுதான் முதல் ஆயத்தம்.

சாரதியின் நாளை எண்ணிப் பாருங்கள். ஊரிலிருந்து ஹயஸ் வானைக் கொண்டு வருபவர் காலையிலேயே புறப்பட்டு, விமானம் பிந்தினால் தரிப்பிடத்தில் காத்துக் கிடந்து, நடுச்சாமத்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அதே தூரத்தைத் திரும்ப ஓடுகிறார். 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவருடையதைப் போல மந்தமாகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடித்தவரின் வானில் பிள்ளைகளை ஏற்றமாட்டோம்; நித்திரை முழித்தவரின் வானில் ஏற்றுகிறோம். “அவருக்குப் பழகின றோட்டு” என்பார்கள். பழகிய தெருவிலும் விடியப்புறம் கண் சொருகும். தெரு இப்போது காப்பெற் போட்டது, முந்தியமாதிரிக் குண்டும் குழியும் இல்லை என்பதும் உண்மையே. அதனால்தான் வேகம் கூடுகிறது. வவுனியாவுக்கு வடக்கே ஏ9இல் கட்டாக்காலி மாடுகள் சூடான தாரில் படுத்திருக்கும். பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டிகள் ஓடும். சிறுபோக அறுவடையும் இந்த விடுமுறை நாட்களில்தான் என்பதால் தெருவோரத்தில் நெல் காயும். மாங்குளத்தில் முல்லைத்தீவுக்குத் திரும்பினால் ஒட்டுசுட்டான் காட்டில் யானை.

நீர்கொழும்பில் ஓர் இரவு தங்குவது வீண்செலவு என்பது அடுத்த மறுப்பு. நாலைந்து விமானச் சீட்டுக்குக் கொடுத்த காசோடு ஒப்பிட்டால் ஓர் அறை வாடகை பெரிதல்ல. சாரதிக்கும் படுக்க இடம் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவரை வானுக்குள் படுக்கவிட்டால் தங்கியதில் பயனில்லை. அம்மா முழித்திருப்பா, உடனே போகவேண்டும் என்ற அவசரம் மட்டும் எனக்குப் புரிகிறது. அப்படியென்றால் இரண்டு சாரதிகளைக் கேளுங்கள்.

பெட்டிக்குள் வைக்கக்கூடியவற்றில் நான் முதலிடம் தருவது குழந்தை இருக்கைக்கு. வாடகை வான்களில் அது கிடைப்பது அரிது. பல விமான நிறுவனங்கள் கட்டணமின்றி ஏற்றுகின்றன. சாதாரண இருக்கைப் பட்டியால் கட்டக்கூடிய வகையாக இருக்கவேண்டும். 2025 செப்டெம்பரிலிருந்து அதிவேக நெடுஞ்சாலைகளில் எல்லா இருக்கைக்கும் பட்டி கட்டாயம். ஏ9 அதிவேக நெடுஞ்சாலை அல்ல என்பதால் பின்பட்டிகள் உறைக்கடியில் புதைந்தே கிடக்கும். வான் பேசும்போதே அவற்றை வெளியே எடுத்து வைக்கச் சொல்லவேண்டும். சூட்கேசுகளைப் பின்னிருக்கையில் தலைக்கு மேலாக அடுக்கவிடக்கூடாது, சடுதியாக பிறேக் பிடித்தால் அவை பிள்ளைகளின் மேல்தான் விழும்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குப் புறப்படுமுன் சொல்லவேண்டிய ஒன்றும் உண்டு. ஏ9 ஊடறுத்துச் செல்லும் முகமாலை நாட்டின் மிகப்பெரிய கண்ணிவெடி வயல்களில் ஒன்றாக இருந்த இடம். 2017இல் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்த இலங்கைக்கு, வெடிகளை அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை தவணை உண்டு. அதாவது வேலை முடியவில்லை. வழியில் சிறுநீர் கழிக்கவென்றாலும் பற்றைக்குள் இறங்கக் கூடாது, சனம் புழங்கும் கடையடியில் நிறுத்துங்கள். மண்டையோட்டுப் பலகை கண்டால் அப்படியே நின்று, வந்த தடத்திலேயே திரும்பி, பொலிசுக்குச் சொல்லவேண்டும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் இலவச அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் வாங்கி இந்த இலக்கத்தைப் பதிந்துகொள்ளுங்கள். இடம் தெரியாத காட்டுத்தெருவில் தெருவோரக் கிலோமீற்றர் கல்லில் உள்ள எண்ணைச் சொன்னால் அவர்கள் வந்துசேர்வது எளிது.