பங்கிலாபம் வட்டியல்ல: கனடாவின் பங்கிலாப நிதியங்களைத் தெரிவு செய்தல் பற்றிய ஒரு நோக்கு

பங்குச் சந்தையில் முதலிடுவோரிடையே பங்கிலாபத்துக்கு என்றுமே ஒரு தனி மதிப்பு உண்டு. பங்கின் விலை நாளும் பொழுதும் ஏறி இறங்குகின்றது. காலாண்டுக்கொருமுறை கைக்கு வந்து சேரும் பணமோ கண்ணுக்குத் தெரிகின்றது, எண்ணிப் பார்க்கவும் முடிகின்றது. கனடாவில் இம்மதிப்பு ஆழமாக வேரூன்றியிருப்பதற்கு வரலாறும் ஒரு காரணம். மொன்ட்ரியல் வங்கி 1829 முதல் ஆண்டு தவறாது பங்கிலாபம் வழங்கி வருகின்றது. 2008 இன் நிதி நெருக்கடியின்போது அமெரிக்காவின் பெரும் வங்கிகள் பல தமது பங்கிலாபத்தை வெட்டிக் குறைத்தபோதும் கனடாவின் பெரும் வங்கிகள் அவ்வாறு செய்யவில்லை. இத்தகைய ஒரு நாட்டில் ஓய்வு பெறும் வயதை நெருங்கும் ஒருவர், தமது சேமிப்பைப் பங்கிலாபம் தரும் நிறுவனங்களில் இட்டு, அவ்வருவாயில் எஞ்சிய காலத்தைக் கழிக்கலாம் என எண்ணுவது இயல்பானதே.

இவ்வெண்ணத்துக்கு இன்று வாகனமாக அமைந்திருப்பது சந்தை வர்த்தக நிதியம். பல நிறுவனங்களின் பங்குகளை ஒரே கூடையாகத் திரட்டி, அக்கூடையின் அலகுகளைச் சாதாரணப் பங்கைப் போலவே சந்தையில் வாங்கவும் விற்கவும் இது இடமளிக்கின்றது. (இதனைக் குறிக்கும் ஈ.டி.எஃப். என்ற ஆங்கிலச் சுருக்கம் இலங்கையில் ஊழியர் நம்பிக்கை நிதியத்தைக் குறிக்கும். இரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.) இத்துறையில் கனடாவே முன்னோடி. டொரண்டோ பங்குச் சந்தையின் 35 பெரும் நிறுவனங்களைக் கொண்ட சுட்டியைப் பின்பற்றும் அலகுகள் 1990 மார்ச்சில் அங்கு விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் இத்தகைய நிதியம் 1993 இலேயே தோன்றியது.

பங்கிலாப நிதியங்கள் பல இருக்க, எதனைத் தெரிவது? பெரும்பாலோர் நோக்குவது ஒன்றையே: நூற்றுக்கு எவ்வளவு தருகின்றது? நான்கு சதவீதம் தரும் நிதியத்தைவிட ஆறு சதவீதம் தருவது மேலானதென முடிவு செய்து விடுகின்றனர். இது வைப்புப் பணத்துக்கு வட்டி வீதம் பார்க்கும் கண்ணோட்டமாகும். பங்கிலாபத்தை இக்கண்ணால் நோக்குவது பொருளியல் அடிப்படையிலும் பிழை. ஃபிக்ஹின் அடிப்படையிலும் பிழை. இரண்டு பிழைகளின் வேரும் ஒன்றே என்பதுதான் கவனத்திற்குரியது.

பங்குடைமை என்பது கூட்டுவியாபாரம், அதாவது ஷிர்கத். இலாபம் வந்தால் பகிர்வு. நட்டம் வந்தால் அதிலும் பங்கு. முன்கூட்டியே உறுதி செய்யப்பட்ட வருவாய் எதுவும் இதில் இல்லை. இந்த உறுதியின்மையே பங்கிலாபத்தை வட்டியிலிருந்து வேறுபடுத்தி ஆகுமானதாக்குகின்றது. ஆகவே பங்கிலாபத்தை நிச்சயமான மாத வருமானமாகக் கருதுபவர், அதனை ஹலாலாக்கும் பண்பையே மறந்து விடுகின்றார்.

சந்தை இப்பாடத்தைப் பலமுறை கற்பித்துள்ளது. தொலைத்தொடர்பு நிறுவனமான பி.சி.ஈ. பல்லாண்டுகளாகக் கனடிய ஓய்வூதியர்களின் நம்பிக்கைக்குரிய பங்காக இருந்து வந்தது. அதன் விலை வீழ்ச்சியடைந்தபோது, ஆண்டொன்றுக்கு 3.99 டொலர் என்றிருந்த பங்கிலாபத்தின் வீதம் பத்துச் சதவீதத்தையும் தாண்டியது. வீதம் உயர்ந்தது பங்கிலாபம் கூடியதனால் அல்ல, விலை குறைந்ததனால்தான். 2025 மே மாதத்தில் நிறுவனம் அதனை 1.75 டொலராகக் குறைத்தது. வெளியே தெரிந்த உயர் வீதம் உண்மையில் சந்தை முன்கூட்டியே அடித்த எச்சரிக்கை மணி. அதற்கும் முன்னர், வரிச் சலுகையால் செழித்து உயர் வருவாய் வழங்கி வந்த ‘வருமான நம்பிக்கை நிதியங்கள்’ மீது, 2006 ஒக்டோபர் 31 அன்று நிதியமைச்சர் ஜிம் ஃபிளாஹர்ட்டி புதிய வரியை அறிவித்தார். மறுநாள் அவற்றின் விலைகள் சரிந்தன. அவற்றை நம்பியிருந்த முதியோர் பலர் பாதிக்கப்பட்டனர்.

இன்னுமோர் அடிப்படை உண்மை அடிக்கடி மறக்கப்படுகின்றது. பங்கிலாபம் வானிலிருந்து பொழிவதன்று. நிறுவனத்தின் கையிருப்பிலிருந்தே எடுக்கப்படுகின்றது. 100 டொலர் விலையுள்ள பங்கு 1 டொலரைப் பங்கிலாபமாக வழங்குமாயின், அவ்வுரிமை நீங்கும் நாளில், ஏனையவை மாறாதிருப்பின், பங்கு ஏறத்தாழ 99 டொலருக்கே விற்கும். உரிமையாளரிடம் முன்பிருந்தது 100. இப்போதும் 100 தான், ஒரு டொலர் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறியிருக்கின்றது. மில்லர், மொடிக்லியானி என்னும் இரு பொருளியலாளர்கள் 1961 இல் இதனை முறையாக நிறுவினர். வரியும் கொடுக்கல் வாங்கல் செலவும் இல்லாத சந்தையொன்றில், நிறுவனம் பங்கிலாபம் வழங்குகின்றதா இல்லையா என்பது அதன் மதிப்பை மாற்றுவதில்லை என்பதே அவர்கள் முடிவு.

எனினும் நாம் வாழும் உலகில் வரி உண்டு. கனடியர்கள் உள்நாட்டுப் பங்கிலாபத்தை விரும்புவதற்கு வலுவான காரணமும் அதுவே. நிறுவனம் ஏற்கெனவே தன் இலாபத்துக்கு வரி செலுத்தியுள்ளதால், அதே இலாபத்துக்குப் பங்காளரிடம் மீண்டும் முழு வரி அறவிடுவது நீதியன்று என்பதே இச்சலுகையின் அடிப்படை. தகுதி பெற்ற கனடியப் பங்கிலாபம் 1,000 டொலர் கிடைப்பின், வரிக் கணக்கில் அது 38 சதவீதத்தால் உயர்த்தப்பட்டு 1,380 ஆகக் கொள்ளப்படும். பின்னர் அத்தொகையின் 15.0198 சதவீதம், அதாவது ஏறத்தாழ 207 டொலர், மத்திய அரசின் வரியிலிருந்து கழிக்கப்படும். மாகாணங்களும் தத்தம் சலுகைகளை வழங்குகின்றன. ஆயின் இது சாதாரணக் கணக்கில் வைத்துள்ள கனடியப் பங்குகளுக்கு மட்டுமே பொருந்தும். வரியற்ற சேமிப்புக் கணக்கிலோ பதிவு பெற்ற ஓய்வூதியச் சேமிப்புத் திட்டத்திலோ இச்சலுகைக்கு வேலையே இல்லை. அமெரிக்கப் பங்கிலாபத்தில் 15 சதவீதம் அந்நாட்டிலேயே பிடித்துக்கொள்ளப்படும். ஓய்வூதியத் திட்டத்தில் நேரடியாக வைத்துள்ள அமெரிக்க நிதியங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. வரியற்ற சேமிப்புக் கணக்குக்கு அந்த விலக்கு இல்லை. சலுகை இல்லாத கணக்கில் சலுகைக்காகவே பங்கிலாப நிதியத்தை வாங்கி வைப்போரும் உளர்!

இனி நிதியங்களின் உள்ளடக்கத்தைத் திறந்து பார்ப்போம். 2005 இல் தொடங்கிய ஐஷேர்ஸ் எக்ஸ்.டி.வி. நிதியம் 30 நிறுவனங்களைக் கொண்டது. 2006 இல் தொடங்கிய சி.டி.இசட்., தொடர்ந்து ஐந்தாண்டுகளேனும் பங்கிலாபத்தை உயர்த்தி வந்த நிறுவனங்களைத் தேடுகின்றது. 2011 இல் வந்த எக்ஸ்.ஈ.ஐ. ஏறத்தாழ 75 நிறுவனங்களைக் கொண்டு, எத்துறைக்கும் 30 சதவீத எல்லை விதிக்கின்றது. 2012 இல் வங்கார்ட் தொடங்கிய வி.டி.வை. அத்தகைய இறுக்கமான எல்லையின்றி உயர் வீதத்தை நாடுகின்றது. அதில் பாதிக்கும் மேற்பட்டது நிதித்துறையே. முகாமைச் செலவும் வேறுபடுகின்றது: எக்ஸ்.ஈ.ஐ., வி.டி.வை. ஆகியவற்றில் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.22 சதவீதம், சி.டி.இசட். இல் 0.66 சதவீதம். பங்கிலாபத்தைப் பொருட்படுத்தாது கனடியச் சந்தை முழுவதையும் வாங்கும் எக்ஸ்.ஐ.சி. நிதியத்தின் செலவோ 0.06 சதவீதமே. ஒரு இலட்சம் டொலருக்கு 660 என்பதும் 60 என்பதும் இருபது ஆண்டுகளில் சிறு வேறுபாடன்று. செலவு மட்டுமே முன்கூட்டி நிச்சயமாகத் தெரிந்த எண். வீதத்தைப் பார்க்கும் முன் அதனைப் பார்ப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

விதிகள் வெவ்வேறாயினும் இக்கூடைகளை நிரப்புபவை பெரும்பாலும் அதே துறைகள்தாம்: வங்கி, காப்புறுதி, எண்ணெய்க் குழாய்வழி, மின்சாரம், தொலைத்தொடர்பு. இங்குதான் முஸ்லிம் முதலீட்டாளருக்குரிய கேள்வி எழுகின்றது. வங்கியின் பங்கிலாபம் பெயரளவில் பங்கிலாபமாயினும் அதன் ஊற்று வட்டியே. குழாய்வழி, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தொழில் ஆகுமானது; ஆனால் அவை பெருங்கடனில் இயங்குபவை. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல், கணக்காய்வு அமைப்பான அயோஃபி, வட்டிக் கடன் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தையும், ஆகாத வருவாய் மொத்த வருவாயில் 5 சதவீதத்தையும் மிஞ்சலாகாது என வரையறுத்துள்ளது. என்பிரிட்ஜ், பி.சி.ஈ. போன்றவை இக்கடன் எல்லைக்கு வெளியே நிற்பவை. ஆகக் கனடியப் பங்கிலாப நிதியத்தின் கூடையிலிருந்து வங்கிகளையும் பெருங்கடனாளிகளையும் நீக்கினால் எஞ்சுவது சொற்பமே.

இவ்வெல்லைகளும் ஏகமனதானவை அல்ல. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அக்கடமி 1992 இல் நிதிச் சந்தைகள் குறித்து நிறைவேற்றிய தீர்மானம், அடிப்படைத் தொழில் ஆகுமானதாயினும் சிலவேளைகளில் வட்டியில் ஈடுபடும் நிறுவனங்களில் பங்கு கொள்வது அடிப்படையில் ஹராம் எனக் கூறுகின்றது. சதவீத எல்லைகள், தூய நிறுவனம் அரிதாகிவிட்ட சூழலில் பிற்பட்ட அறிஞர் பலர் வழங்கிய சலுகையாகும். அதே தீர்மானத்தில் கனடிய முதலீட்டாளருக்கு நேரடியாகப் பயன்படும் மேலும் இரண்டு விடயங்கள் உள்ளன. முதலையோ குறிப்பிட்ட இலாபத்தையோ உறுதி செய்யும் முன்னுரிமைப் பங்குகள் ஆகாதவை என்பது ஒன்று. முன்னுரிமைப் பங்குகளை மட்டும் திரட்டிய சி.பி.டி. போன்ற நிதியங்கள் கனடாவில் உள்ளன. அவை தருவதும் பங்கிலாபம் என்றே அழைக்கப்படுகின்றது. வழக்கிலுள்ள விருப்புரிமை ஒப்பந்தங்கள் ஆகாதவை என்பது மற்றொன்று. தன்னிடமுள்ள பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையைப் பிறருக்கு விற்று, அப்பணத்தையும் சேர்த்து வழங்கும் நிதியங்கள் இன்று மிகவும் விரும்பப்படுகின்றன, பி.எம்.ஓ. இன் இசட்.டபிள்யூ.சி. அத்தகையது. அவற்றின் உயர் வீதத்துக்கு விலை, சந்தை ஏறும்போது கிடைத்திருக்க வேண்டிய இலாபத்தை இழப்பதாகும். மார்க்கம் தடுக்கும் இடத்தில் கணக்கும் எச்சரிக்கின்றது.

அவ்வாறாயின் இவற்றைத் தவிர்ப்பவர் வருமானத்தை இழந்தவராவாரா? மேலே கண்ட 100 டொலர்க் கணக்கு இதற்கு விடை தருகின்றது. வெல்த்சிம்பிள் 2021 இல் கனடாவில் தொடங்கிய ஷரீஅத் உலகப் பங்கு நிதியம் போன்றவை தரும் பங்கிலாபம் குறைவு. ஆனால் பகிரப்படாத இலாபம் நிறுவனத்திலேயே தங்கி, அதன் மதிப்போடு சேர்கின்றது. பணம் தேவைப்படுபவர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ சில அலகுகளை விற்றுத் தமக்குத் தாமே பங்கிலாபம் வழங்கிக் கொள்ளலாம். வரியற்ற சேமிப்புக் கணக்கில் இவ்விற்பனைக்கு வரி இல்லை. (இக்கணக்கு 2009 இல் ஆரம்பமானது, 2025 ஆம் ஆண்டுக்குரிய வைப்பெல்லை 7,000 டொலர்.) சாதாரணக் கணக்கிலும் மூலதன இலாபத்தில் பாதியே வரிக்குரியது, அவ்விகிதத்தை உயர்த்த 2024 இல் முன்வைக்கப்பட்ட திட்டம் 2025 மார்ச்சில் கைவிடப்பட்டது. இழப்பு வேறிடத்தில் உள்ளது. வங்கிகள் கனடியச் சந்தையின் பெரும் பகுதியாதலால், அவற்றை விலக்கியவரின் கூடை நாட்டுச் சந்தையோடு ஒத்துப் போகாது. சில ஆண்டுகள் பின்தங்கும், சில ஆண்டுகள் முந்தும். உள்நாட்டுப் பங்கிலாபத்துக்குரிய வரிச் சலுகையும் பெருமளவு கைநழுவும். இவ்விரண்டையும் அறிந்தே தெரிவு செய்ய வேண்டும்.

எஞ்சுவது தூய்மைப்படுத்தலும் ஸகாத்தும். கையில் வந்த பங்கிலாபத்தின் ஒரு சிறு விகிதத்தைத் தர்மம் செய்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அயோஃபியின் விதி அவ்வாறன்று: நிதியாண்டின் முடிவில் பங்கை உடையவர், இலாபம் பகிரப்பட்டாலும் பகிரப்படாவிட்டாலும், தம் பங்குக்குரிய ஆகாத வருவாயை வெளியேற்ற வேண்டும். பங்கிலாபம் குறைந்த நிதியத்தை வைத்திருப்பவர் இதனைக் கவனத்திற் கொள்ளல் அவசியம். ஸகாத்தைப் பொறுத்தவரை, 1988 இல் அதே அக்கடமி வகுத்த விதி நோக்கத்தைப் பார்க்கின்றது. நிறுவனம் ஸகாத் கொடுக்காமலும், அதன் கணக்கிலிருந்து தமக்குரிய அளவை அறிய முடியாமலும் இருக்கும்போது, ஆண்டு வருவாய்க்காகப் பங்கை வைத்திருப்பவர் அவ்வருவாயில், அது கைக்கு வந்து ஓராண்டு கடந்தபின், நாற்பதில் ஒன்றைக் கொடுப்பார்; வியாபார நோக்கில் வைத்திருப்பவர் சந்தை விலையின் மீதே கொடுப்பார். ஆண்டுதோறும் சில அலகுகளை விற்று வாழ்பவர் இவ்விருவரில் யாரைச் சார்ந்தவர் என்பதைத் தம் கணக்கேடுகளுடன் ஓர் ஆலிமை அணுகித் தெளிந்து கொள்வதே பொருத்தம்.