நாலு திசைக்கும் வாசல் வைப்போம்!

(சிவில் மூன்றாம் ஆண்டு மாணவன்)



"டிப்ளமோ முடிச்சுட்டு என்னப்பா பண்ணப் போற?" என்று ஊரில் யார் கேட்டாலும் நம் சிவில் பிரிவுக்காரன் சொல்லும் பதில் ஒன்றுதான்: "வீடு கட்டப் போறேன்!" நல்ல பதில்தான். ஆனால் இனி வரும் காலத்தில் நம் கைக்கு வரும் வேலைகளில் பாதி, காலி மனையில் புது வீடு எழுப்புவதாக இருக்காது. ஏற்கெனவே ஜனங்கள் குடியிருக்கும் பழைய குடியிருப்பை இடித்து, அதே ஜனங்களுக்குத் திரும்பக் கட்டித் தருவதாக இருக்கும். இதற்கு மறுகட்டுமானம் என்று பெயர். இது வேறு வகைப் பாடம். மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாளைக்கு அந்த வீட்டில் குடியிருக்கப் போவது நீங்களாகவும் இருக்கலாம்!

நம் ஊருக்கு இது ஏன் அவசரம்?

2024 டிசம்பர் 1 ஆம் தேதியை நம் ஊர் மறக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலைச்சரிவில் பாறையும் மண்ணும் சரிந்து, அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் மாண்டார்கள். அதில் ஐந்து பேர் பிள்ளைகள். "அடிவாரத்தில் இருப்பவர்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்" என்று டீக்கடையிலிருந்து ட்ராயிங் ஹால் வரை பேசினோம். சரி, மாற்றலாம். எங்கே? எப்படிப்பட்ட இடத்துக்கு? அங்கே அவர்களுக்கு என்ன உரிமை? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாமல் மாற்றினால், ஒரு ஆபத்திலிருந்து தூக்கி இன்னொரு கஷ்டத்தில் போட்ட கதையாகிவிடும்.

அதே 2024 இல்தான் திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சி ஆனது. ஊர் பெருக்கும்போது மனை விலை ஏறும். விலை ஏறும்போது ஏழை ஜனம் ஊரின் ஓரத்துக்குத் தள்ளப்படும். இது எல்லா ஊரிலும் நடந்த கதைதான்.

சென்னை சொல்லும் பாடம்

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970 இல் தொடங்கியது. 2021 இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஆரம்ப காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். பிற்பாடு நகருக்குள் நிலம் கிடைப்பது அரிதானது. 2000 ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000 க்கு மேல். பெரும்பாக்கத்தில் எட்டுத் தளக் கட்டடங்கள். வீடு என்னவோ கான்கிரீட்தான், குடிசையைவிட உறுதிதான். ஆனால் வீட்டு வேலைக்குப் போன அம்மாவுக்கும், மூட்டை தூக்கிய அப்பாவுக்கும் வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. பஸ்ஸுக்கே காசும் பொழுதும் கரைந்தன. பள்ளிக்கூடம் மாறியதில் படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு.

அடுத்தது, கட்டிய வீடு காலத்துக்கும் நிற்குமா என்ற கேள்வி. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 1993 இல் கட்டிய ஒரு வாரியக் கட்டடம் 24 வீடுகளோடு இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்த ஜனங்கள் முன்கூட்டியே வெளியே ஓடி வந்ததால் உயிர்ச் சேதம் இல்லை. 28 வயதில் ஒரு கட்டடம் விழலாமா? கான்கிரீட் கலவை, கியூப் டெஸ்ட், கியூரிங் எல்லாம் நாம் படிக்கிறோம். அது ஒரு பக்கம். மழை நீர் ஒழுகும் மொட்டை மாடியை யார் சரி செய்வது, பைப் உடைந்தால் யார் பணம் போடுவது என்பது இன்னொரு பக்கம். வீடு யாருடையது என்று தெளிவாக இல்லாத இடத்தில் பராமரிப்பும் யாருடையது என்று தெரியாது. வாரியம் பார்க்கும் என்று குடியிருப்பவர் இருப்பார். குடியிருப்பவர் பார்க்கட்டும் என்று வாரியம் இருக்கும். கம்பி துருப்பிடிப்பது மட்டும் யாருக்கும் காத்திருக்காது!

ஆக, மறுகட்டுமானத்தில் சுவருக்கு முன்னால் தீர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தெரு. இரண்டு, பத்திரம்.

முதலில் தெரு

நம் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். அவ்வளவு பெரிய மதில் இருந்தும் நாலு திசைக்கும் வாசல் உண்டு; சுற்றிலும் மாட வீதி உண்டு. வெளியே 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதை ஒரு வளையம். அந்த வளையத்திலிருந்து ஊருக்குள் சாலைகள் வருகின்றன. முட்டுச் சந்து இல்லாமல் ஒரு ஊரை எப்படிப் பின்னுவது என்று இதைவிட நல்ல வரைபடம் எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது?

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பேச்சுக்கு 4 ஏக்கர் சதுரமான குடியிருப்பு. அதாவது 1,74,240 சதுர அடி; ஒரு பக்கம் சுமார் 417 அடி. சுற்றிலும் காம்பவுண்டு சுவர், தெற்குப் பக்கம் நடுவில் ஒரே ஒரு கேட். வடக்குச் சுவருக்கு வெளியே பஸ் ஸ்டாப். வடக்குச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவர் பஸ் ஏற வேண்டுமானால், கேட்டுக்கு 400 அடி, கேட்டிலிருந்து மூலைக்கு 208, பக்கச் சுவர் நெடுக 417, மறுபடி நடுவுக்கு 208. மொத்தம் 1,200 அடிக்கு மேல்! சுவரில் ஒரு வழி விட்டிருந்தால் ஐம்பது அடி. தலையில் பூக்கூடையோடு தினம் இரண்டு வேளை இந்த 1,200 அடியை நடக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

எனவே முதல் விதி: பக்கத்துத் தெருக்கள் எங்கே வந்து சுவரில் முட்டுகின்றனவோ, அங்கேயெல்லாம் அவற்றை உள்ளே விட்டு மறுபக்கம் வெளியே எடுங்கள். குடியிருப்பு ஊரின் ஒரு துண்டாக இருக்க வேண்டும். தனித் தீவாக இருக்கக் கூடாது. "உள்ளே தெரு விட்டால் திருடன் வருவானே?" என்று கேட்பீர்கள். ஆள் நடமாட்டமும், தெருவைப் பார்த்த வாசலும் ஜன்னலும் உள்ள தெருவில் திருடனுக்கு என்ன வேலை? யாரும் எட்டிப் பார்க்காத சுவர் ஓரம்தான் அவனுக்கு வசதி.

இரண்டாம் விதி தண்ணீருக்கு. மலையடி ஊரில் தெருவும் வாய்க்காலும் சேர்ந்தே போக வேண்டும். லெவலிங் எடுக்கும்போதே மழை நீர் இறங்கும் வழியைக் குறித்து, அதைத் தெருவாக விடுங்கள். அந்த வழியில் வீடு வேண்டாம்.

மூன்றாம் விதியை எனக்குச் சொன்னது என் அத்தை. பூக்கட்டி விற்பவர். என் ட்ராயிங் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "ஏண்டா தம்பி, எல்லாம் அழகாத்தான் இருக்கு. நாலாவது மாடியில வீடு குடுத்தா என் கூடையை யாரு தூக்கறது? உங்க மாமா தள்ளுவண்டியை எங்க நிறுத்தறது?" என்றார். நியாயமான கேள்வி! கார் பார்க்கிங்குக்கு விதி வைத்திருக்கிறோம். தள்ளுவண்டிக்கு யார் வைத்தது? கீழ்த்தளம் முதியவர்களுக்கும், வண்டி, கூடையை வைத்துப் பிழைப்பவர்களுக்கும். தெருவைப் பார்த்து திண்ணையும் சின்னக் கடையும். நம் ஊரில் பௌர்ணமி தோறும் கிரிவலம் வரும் கூட்டத்தை நம்பித்தான் எத்தனையோ அடுப்பு எரிகிறது. அந்த ஜனத்தை ஊரை விட்டு வெகுதூரம் கொண்டு போய் வைத்தால் அடுப்பும் அணையும்.

அடுத்தது பத்திரம்

ஒரே குடியிருப்பில் சொந்த வீடு, தவணை வீடு, வாடகை வீடு மூன்றும் கலந்து இருப்பதை நான் கலப்பு உரிமை என்கிறேன். ஏன் கலக்க வேண்டும்? எல்லாரும் ஒரே நிலையில் இல்லையே! பல வருடமாக இருப்பவருக்கு நிலையான உரிமை வேண்டும். புதிதாக ஓட்டல் வேலைக்கு வந்தவருக்கு நியாயமான வாடகை வேண்டும். ஆசிரியருக்கோ கிளார்க்குக்கோ விலைக்கு வாங்க ஒரு வீடு வேண்டும். மூவரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினால், ஏழை வீடு என்று தெருவுக்கே பெயர் விழாது. குப்பை லாரியும் ஒழுங்காக வரும்!

இது கற்பனை அல்ல. 1977 இல் உலக வங்கி உதவியோடு சென்னையில் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சிறு மனையும் பெரு மனையும் கலந்து பிரித்தார்கள். பெரு மனையை விற்ற லாபம் சிறு மனையின் விலையைக் குறைத்தது. இந்தூரில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பும் இதே வழிதான். 1995 இல் ஆகா கான் விருது பெற்றது. நம்மவர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் 1995 இல் ஒரு திட்டம் தொடங்கியது. தேர்ந்தெடுத்த பழைய அடுக்குமாடிகளை இடிக்கும் முன், குடியிருப்போருக்குப் பெரும்பாலும் பக்கத்திலேயே புது வீடு கொடுத்தார்கள்; வேண்டுமானால் பழைய அக்கம்பக்கத்தோடு சேர்ந்தே குடிபோக முடிந்தது.

ஒரே ஒரு முறை மூட்டை கட்டுவோம்

இங்கே மறுகட்டுமானத்தின்போது குடும்பங்கள் வெளியே வாடகைக்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்கான கருணைத் தொகையை 2021 இல் 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தினார்கள். நல்ல உயர்வுதான். ஆனால் கட்டி முடிக்க 24 மாதம் ஆனால் மாதம் 1,000 ரூபாய். பௌர்ணமிக்கு அறை வாடகை ஏறும் நம் ஊரில் 1,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

ஆகவே வரிசையை மாற்றுவோம். நம் 4 ஏக்கரில் 24 வீடு கொண்ட பழைய பிளாக்குகள் பத்து. மொத்தம் 240 குடும்பம் என்று வையுங்கள். முதலில் காலி மூலையில் 72 வீடு கட்டுங்கள். இரண்டு பழைய பிளாக்கின் 48 குடும்பங்கள் நேராகப் புது வீட்டுக்குப் போகட்டும். மீதி 24 இல் பாதி வாடகைக்கு, பாதி விற்பனைக்கு. காலியான இரண்டு பிளாக்கையும் இடித்து அங்கே அடுத்த 72. இப்படி ஐந்து சுற்றில் 360 வீடு முடியும்: பழையவர்களுக்கு 240, வாடகைக்கு 60, விற்பனைக்கு 60. எந்தக் குடும்பமும் ஒரு தடவைக்கு மேல் மூட்டை கட்டாது. ஒரே படிக்கட்டில் மூவகையும் கலந்தும் விடும்.

இடம் போதுமா? படிக்கட்டு, நடை எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 600 சதுர அடி என்றால் 2,16,000 சதுர அடி. நிலப்பரப்பால் வகுத்தால் 1.24. உயரமல்லாத கட்டடத்துக்கு 2019 ஆம் ஆண்டு விதிகள் தரும் தளப்பரப்புக் குறியீடு 2. தாராளமாக இடம் இருக்கிறது. லிஃப்ட் பழுதானால் தவிக்கும் எட்டு மாடி வேண்டியதில்லை.

பணம்? கணக்குக்காகச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் வீட்டுக்கு 12 லட்சம். விற்பனை வீட்டை நில மதிப்போடு 24 லட்சத்துக்கு விற்றால், 60 வீட்டில் மிச்சம் 7.2 கோடி. 240 குடும்பத்துக்குப் பிரித்தால் தலைக்கு 3 லட்சம் சுமை குறையும். விலை ஊருக்கு ஊர் மாறும், வழி இதுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் காலி அறை என்றால் லாட்ஜ் ஆக்கும் ஆசை வரும். குடியிருக்க வந்த வீடு பௌர்ணமி அறையாக மாறினால் திட்டமே போச்சு. வாடகை வீடுகள் பொது அமைப்பின் கையிலேயே இருக்க வேண்டும். தவணை வீட்டைச் சில ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை வேண்டும். பத்திரத்தில் வீட்டின் பெண் பெயரும் இருக்க வேண்டும். மூவகையினரும் உள்ள சங்கம் மாதப் பராமரிப்புப் பணத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும். 2022 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். அப்படியானால் மீதி ஒரு பங்கையும், ஓட்டே இல்லாத வாடகைக்காரரையும் உட்கார வைத்துப் பேசுவதும் நம் வேலைதான்.

நண்பர்களே! இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்களா? உங்கள் ஊரில் உள்ள ஒரு பழைய குடியிருப்புக்குப் போங்கள். டேப்பை எடுத்துச் சுவரை அளக்கும் முன், வாசலிலிருந்து பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் வரை நடந்து அளந்து பாருங்கள். பத்து வீட்டுக் கதவைத் தட்டி, "என்ன காகிதம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இந்த இரண்டையும் ஷீட்டில் போட்ட பிறகு பிளான் போடுங்கள். அப்போது நீங்கள் போடும் கோட்டில் ஜனங்கள் நடப்பார்கள்.