நாற்காலி செய்தவனுக்கு நாற்காலி எங்கே?

அண்மையில் நாம் ஒரு மரப்பட்டறைக்குச் சென்றிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம், உரிமையாளர் பெயரும் வேண்டாம். ஊருக்கு ஊர் இருப்பதுதானே! கேட்கிற அளவில், கேட்கிற மரத்தில், கதவும் கட்டிலும் நாற்காலியும் செய்து தருகிற பட்டறை.

மதிய நேரம். மெருகேற்றிய தேக்கு நாற்காலிகள், செய்தித்தாள் போர்த்தி, மணமேடை ஏறும் மாப்பிள்ளைகள்போல் வரிசையாக நின்றன. அவற்றைச் செய்த தோழர்களோ, மரத்தூள் படிந்த தரையில் குந்தி, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தனர். "ஏன் ஐயா, அதில் அமர்ந்தால் ஆகாதோ?" என்றோம். "விக்கிற பொருளுங்க, கறை பட்டுடும்" என்றார் மூத்தவர், சிரித்தபடி. அந்தச் சிரிப்பு நம்மைச் சுட்டது!

வீடு கட்டுபவனுக்குக் குடிசை. நாற்காலி செய்பவனுக்குத் தரை! நேற்று இதைத் தலையெழுத்து என்றனர். இன்று வியாபாரம் என்கின்றனர். பெயர்தான் மாறிற்று, பிழை மாறவில்லை.

1953இல் இராசாசி ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி அரை நாள்; மீதி நேரம் அப்பன் தொழில்! தச்சன் மகன் தச்சனாகவே இருக்கட்டும் என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்? குலக்கல்வி என்று பெயரிட்டுக் கொதித்தெழுந்தது தமிழகம். பெரியார் எதிர்த்தார், கழகம் மும்முனைப் போராட்டத்தில் அதையும் ஒரு முனையாக்கிற்று. 1954இல் காமராசர் முதல்வரானார், திட்டம் மாண்டது. நாம் உளியை வெறுத்தோமா? இல்லை! உளியைப் பிறப்போடு பிணைத்த விலங்கை வெறுத்தோம். விரும்பி உளி பிடிப்பவனுக்கு மதிப்பு வேண்டும் என்பதே நம் வழக்கு.

உரிமையாளர் நண்பர் கேட்பார்: "ஆளுக்கு முதலிடம் தந்தால் ஆதாயத்துக்கு எங்கே இடம்?" வாருங்கள், கணக்கே பார்ப்போம்.

பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்குத் தொழிலாளர் ஈட்டுறுதி உண்டு. 2019 சூலை முதல் உரிமையாளர் பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75. மாதம் 20,000 ரூபாய் கூலி என்றால் உரிமையாளர் கட்டுவது 650 ரூபாய். தொழிலாளி கட்டுவது 150. இந்த 650ஐ மிச்சம் பிடிக்க ஒன்பது பேரோடு ஏட்டை மூடுகிறவர் உண்டு. சுழலும் ரம்பத்தில் ஒரு விரல் போனால் அந்த மிச்சம் மருந்துக்குக் காணுமா? ரம்பத்துக்கு மூடி போடச் சோம்பல்; மூக்குக்குத் துணி தரவும் மறதி. மரத்தூள் மூக்கில் புற்றுநோய் தரும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 1995இலேயே வெளியிட்டுவிட்டது!

எந்திரம் கெட்டால் வேறொன்று வாங்கலாம். ஆணியின்றித் துளையும் கழுந்தும் கவ்விப் பிடிக்கச் செய்யும் கைப்பழக்கத்தை எந்தக் கடையில் வாங்குவது? அந்தக் கை மனங்கசந்து வெளியேறினால் பட்டறையின் முதலே வெளியேறுகிறது. "கலியாணத்துக்குள் கட்டில் வேண்டும்" என்று அவசரப்படுத்தி, ஈரம் உலராத மரத்தை இழைக்கச் சொன்னால் என்ன ஆகும்? மரம் சுருங்கும், இணைப்பு விலகும், கட்டில் திரும்பி வரும், பழி தச்சன் தலையில் விழும். "இந்த மரம் இன்னும் ஆறவில்லை" என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருந்திருந்தால், உரிமையாளரின் பணமும் பிழைத்திருக்கும், பெயரும் பிழைத்திருக்கும்!

ஆகவே, நாள் குறிக்கும்போது செய்பவனைக் கேளுங்கள். வாடிக்கையாளரிடம் "இது இவர் கைவேலை" என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். எடுபிடிப் பையன் என்று எவனையும் ஆண்டுக்கணக்கில் தேநீர் வாங்க விடாதீர்கள். அளவு எடுக்கக் கற்றுக்கொடுங்கள். இவை தருமம் அல்ல, தொழில் நடத்தும் முறை.

கடைகளில் நாளெல்லாம் நின்று கால் வீங்கிய தோழர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் கழக அரசு சட்டம் திருத்திற்று. சட்டம் கடைவாயிலில் நின்றுவிடலாம். மனிதத்தன்மை பட்டறைக்குள்ளும் நுழையவேண்டும்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பட்டறைக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ரம்பத்துக்கு மூடி உண்டா, ஏட்டில் எல்லோர் பெயரும் உண்டா, அமர ஒரு பலகையேனும் உண்டா என்று கேளுங்கள். வெட்டி எறிந்த துண்டு மரமே போதும், பத்துப் பேருக்கு இருக்கை செய்ய. மரத்துக்குப் பஞ்சமில்லை, மனத்துக்குத்தான் பஞ்சம்!

ஊரை உட்கார வைத்தவன் உட்காரட்டும். பிறகு விற்கட்டும் நாற்காலி!