அப்டேட் போட்டதும் சிக்னல் போச்சா? முதல்ல சிம் ட்ரேயை எடுத்துப் பாருங்க

அமெரிக்காவிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் ஐபோன், விலையும் கம்மி. நம்ம ஊர் சிம் நல்லாத்தான் ஓடிச்சு. ஐஓஎஸ் அப்டேட் போட்டதும் 'சிம் நாட் சப்போர்ட்டட்'. போர்டு போச்சுனு கடைக்கு ஓடாதீங்க.

ட்ரேயில் சிம்மோடு ஒட்டிக்கொண்டு காகிதம் போல மெல்லிய சிப் இருக்கா? அதுதான் ஆர்-சிம். போன் இன்னமும் அமெரிக்க நெட்வொர்க்கின் லாக்கில்தான் இருக்கிறது. சிம்மின் அடையாள எண்ணை மாற்றிக் காட்டி, இந்த சிப் இத்தனை நாள் ஏமாற்றி வந்தது. ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

கடைக்காரர் புது எண் போட்டுத் தருவார். அடுத்த அடைப்பு வரை ஓடும். ஆனா ஃபேக்டரி ரீசெட் மட்டும் பண்ணிடாதீங்க, மறுபடி ஆக்டிவேஷன் கேட்டு அங்கேயே நின்னுடும்.

லாக் விவரம் ஐஎம்இஐ எண்ணோடு ஆப்பிள் சர்வரில் இருக்கிறது. அதனால் சாலிடரிங் செலவு வீண். போனை விற்ற நெட்வொர்க் சொன்னால்தான் லாக் நீங்கும். ஏடி அண்ட் டி போன் என்றால் தவணை முழுக்கக் கட்டி, 60 நாள் பயன்பாட்டிலும் இருந்திருக்க வேண்டும். முதல் ஓனர் பாக்கி வெச்சிருந்தா? கஷ்டம்தான்.

வாங்கும் முன்பே செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய்ப் பாருங்க. 'கேரியர் லாக்' எதிரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்கணும். அதே பக்கத்தில் 'மோடம் ஃபர்ம்வேர்' காலியாக இருந்தால், அது நிஜமாவே போர்டு பிரச்னை.