ஒரு கரண்டி முளைமாவு

தஞ்சாவூர் சாலையில் காட்டூர், திருவெறும்பூர் பக்கம் பல வீடுகளில் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து பால் எடுத்துக் காய்ச்சுவார்கள். பச்சைப் பிள்ளைக்குச் சுலபமாகச் செரிக்கும் என்பார்கள் பாட்டிமார்கள். அவர்கள் சொன்னது சரி. ஆனால் அந்த முளைக்குள் இன்னும் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது.

முதலில், ஏன் ஆறு மாதம்? வயிற்றில் இருக்கும்போதே குழந்தை தாயிடமிருந்து வாங்கிச் சேர்த்த இரும்புச்சத்து ஆறாம் மாதவாக்கில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. வாயில் வைத்ததையெல்லாம் நாக்கு வெளியே தள்ளும் அனிச்சைச் செயலும் அதற்குள் மறைந்திருக்கும். அதனால்தான் ஆறு மாதம் என்பது கணக்கு.

எட்டு கிலோ குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குச் சுமார் 240 மில்லி கொள்ளும். ஒரு பெரிய டம்ளர் அளவு. தொண்டையில் அடைக்குமோ என்று பயந்து நாம் கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து ஊட்டுகிறோம். வயிறு நிரம்பிவிடுகிறது, சத்து சேர்வதில்லை. சரி என்று மாவைக் கூட்டினால் களியாகிவிடுகிறது. காரணம் மாவுச்சத்து. சூட்டில் அதன் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி, ஊறிய ஜவ்வரிசி போல உப்பி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

முளைவிடும் தானியம் தன் நாற்றுக்குச் சாப்பாடு போடுவதற்காக அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுவதுதான் அதன் வேலை. கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை இறக்கி, கொதி அடங்கி, கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போது ஒரு டீஸ்பூன் முளைகட்டிய கேழ்வரகு மாவைத் தூவிக் கிளறிப் பாருங்கள். கரண்டியில் ஒட்டிக்கொண்டிருந்த கஞ்சி சில நிமிடத்தில் இளகி ஓடும். ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கவில்லை, சத்தும் குறையவில்லை. கொதிக்கும்போதே போட்டால் நொதி செயலிழந்துவிடும். இளகிய பிறகு மறுபடி ஒரு கொதி விட வேண்டும், முளைமாவில் கிருமி இருக்கக்கூடும் என்பதால். மாவுக்கு முளையை வெயிலில் காயவைத்து லேசாக வறுத்தால் போதும். சிவக்க வறுத்தால் பலன் போய்விடும்.

1980களில் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து, ஏழை வீட்டுக் குழந்தைகளுக்குக் கைக்கெட்டும் வழி இது என்று காட்டினார்கள். விலை உயர்ந்த டப்பா மாவுக்குக் கொடுக்கும் மதிப்பை நாம் இதற்குக் கொடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

கஞ்சி மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஆகவே பருப்பு, கீரை, நன்றாக வெந்த முட்டை, சாப்பிடும் வீடென்றால் ஈரல் என ஒவ்வொன்றாக மசித்துக் கொடுத்துப் பழக்குங்கள். தாய்ப்பாலை இரண்டு வயது வரை நிறுத்தாதீர்கள். ஒரு வயது முடியும்வரை தேனை நாக்கில் தடவவும் வேண்டாம். அதிலிருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்து பச்சிளம் குடலில் முளைத்து நச்சைச் சுரக்கும்.