வேலி காத்த புல்வெளி

வேலி என்றதும் எல்லைச் சண்டையையும் நீதிமன்றத்தையும் நினைப்பவர் நம்மிடையே பலர். ஆயின், வேலியே ஒரு நாட்டுப்புறத்தின் உயிராய் விளங்குவதும் உண்டு. பிரான்சின் மேற்கே, நோர்மண்டிப் பகுதியில், மர வேலிகள் சூழ்ந்த சிறு சிறு புல்வெளிகளாய் விரியும் நிலத்தையே இங்குக் கருதுகின்றேன். ‘பொக்காஜ்’ என்பது அதன் பெயர்.

அவ்வேலி கம்பு நட்டுக் கட்டியதன்று. பள்ளந்தோண்டி, அம்மண்ணை அருகே வரம்பாக உயர்த்தி, அதன்மீது ஓக் முதலிய பெருமரங்களையும் முட்செடிகளையும் வளர்த்திருப்பர். உள்ளே, புள்ளியும் திட்டுமாய் நிறம் படிந்த நோர்மண்டிப் பசுக்கள் மேயும். அவற்றின் பாலே வெண்ணெயாகவும் கமம்பேர் எனும் பாற்கட்டியாகவும் உலகெங்கும் புகழ்பெற்றது. கடற்காற்றைத் தடுப்பதும், கோடையில் கால்நடைக்கு நிழல் தருவதும், மழைநீர் மண்ணை அரித்தோடாது மறிப்பதும், அடுப்புக்கு விறகு உதவுவதும் அவ்வேலியே.

அதன் வலிமையை 1944 இல் உலகம் கண்டது. நேசநாட்டுப் படைகள் ஒவ்வொரு வயலையும் ஒரு கோட்டையைப் போல் பொருதிப் பிடிக்க வேண்டியிருந்தது. வரம்புகளைப் பிளப்பதற்குத் தாங்கிகளின் முன்னே இரும்புக் கொம்புகளைப் பொருத்தினர்.

போருக்குத் தப்பிய வேலி அமைதிக்குத் தப்பவில்லை. சிதறிக் கிடந்த நிலத்துண்டுகளை ஒன்றாக்கும் திட்டம், 1941 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் விரைந்து நடைபெற்றது. உழவு இயந்திரம் தடையின்றிச் செல்ல வரம்புகள் தகர்க்கப்பட்டன. 1950 முதல் பிரான்சின் வேலிகளுள் ஏறக்குறைய 70 வீதம் அழிந்தன என்பது அரசுத்துறை அறிக்கை தரும் கணக்கு.

உழவரைப் பழிப்பது எளிது. எனினும் அது நேர்மையாகாது. மூலைக்கொன்றாய்க் கிடந்த துண்டு நிலங்களால் அவர் பட்ட இடர் மெய்யானது. நாம் நோக்கவேண்டியது வேறொன்று. பசு புல்வெளியில் மேயும்வரை வேலி உழவருக்குத் துணை. பசு தொழுவத்துள் அடைபட்டு, புல் நின்ற இடத்தில் சோளம் நின்றால், அதே வேலி அவருக்குச் சுமை.

2030 ஆம் ஆண்டளவில் வேலிகளின் நீளம் 50,000 கிலோமீற்றர் கூடவேண்டுமென 2023 இல் பிரெஞ்சு அரசு இலக்கு வகுத்தது. நன்முயற்சியே. ஆனால், கன்றுகளை நட அரசால் இயலும். ஆண்டுதோறும் கிளை நறுக்கிப் பேண உழவரின் கையன்றோ வேண்டும்? மேய்ச்சலால் அவர் வாழ வழியிருந்தால் வேலியும் வாழும். வேலி புல்லைக் காத்தது. இனி அந்தப் புல்லே வேலியைக் காக்கவேண்டும் என்பது என் துணிபு.