இன்னொரு அழிந்த உலகமா... போதும்மா!

மதியம் இரண்டரை மணி. முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைகிறார் அம்மா. விடுமுறையில் இருக்கும் மகள் சோபாவில் சாய்ந்து மொபைலைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு தடித்த ஆங்கில நாவல், நாற்பதாம் பக்கத்தில் அடையாளம் வைத்தபடி கவிழ்ந்து கிடக்கிறது.

"ஏன் கண்ணு, அதைப் படிக்கலையா? பெங்களூருல தேடித் தேடி வாங்கினியே!"

"முதல் பாகம் செமையா இருந்துச்சும்மா. ரெண்டாவது பரவாயில்ல. இதுல திரும்பவும் அதேதான். உலகம் அழிஞ்சு போயிருக்கும், ஒரு கெட்ட தலைவர் இருப்பார், பதினாறு வயசுப் பொண்ணு எல்லாரையும் காப்பாத்துவா. போதும்மா!"

ஓசூரில் சிப்காட் பக்கமோ, பாகலூர் சாலையிலோ, கிருஷ்ணகிரியிலோ எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய உரையாடல் இது. பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டாளே என்று கவலைப்படும் முன், அவள் சொன்ன காரணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். உலகமெங்கும் பதின்பருவ வாசகர்களிடம் கேட்கும் அலுப்புதான் அது.

கெட்டுப்போன எதிர்காலம்

எல்லாம் நாசமாகிவிட்ட ஓர் எதிர்காலத்தில், கொடுமையான ஓர் அரசின் கீழ் மக்கள் வாழ்வதாகச் சொல்லும் கதைகளுக்கு 'டிஸ்டோபியா' என்று பெயர். இந்த வகை பழையதுதான். பதின்பருவப் பிள்ளைகளுக்கென்றே 1993-ல் லோயிஸ் லோரி எழுதிய 'தி கிவர்' இன்றும் பள்ளிகளில் படிக்கப்படுகிறது. ஆனால், இதை உலகளாவிய மோகமாக மாற்றியது 2008-ல் வெளிவந்த சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்'.

பனெம் என்ற நாட்டில் 12 மாவட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு பொருளை உற்பத்தி செய்து தலைநகருக்கு அனுப்ப வேண்டும். ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஓர் ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை எனச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்க்கும். டி.வி-யில் ஒரு சேனலில் ரியாலிட்டி ஷோ, இன்னொன்றில் இராக் போர்க் காட்சிகள் என மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கதை தோன்றியதாகக் காலின்ஸ் சொல்லியிருக்கிறார். அதில் உண்மையான ஒரு கோபம் இருந்தது. வாசகர்களைப் பிடித்து உலுக்கியதும் அதுதான்.

ஒரு அச்சு, நூறு பிரதிகள்

2012-ல் படமும் பெரிய வெற்றி பெற்றதும், எல்லோரும் அதே மாவில் அச்சு முறுக்கு சுட ஆரம்பித்தார்கள். வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' 2014-ல் படமானது. அதே ஆண்டில் 'மேஸ் ரன்னர்' வந்தது, 'தி கிவர்' வந்தது. கதாநாயகிக்கு ஒரு பரீட்சை, அவளைச் சுற்றி இரண்டு பையன்கள், கொடுங்கோல் தலைவர், கடைசியில் போராளித் தலைவரும் மோசமானவர்தான் என்ற திருப்பம். பெயர்களை மாற்றினால் அடுத்த கதை தயார்.

சினிமா கம்பெனிகள் இன்னொரு தந்திரமும் கற்றுக்கொண்டன. கடைசிப் புத்தகத்தை இரண்டு படமாகப் பிரிப்பது. 'ஹாரி பாட்டர்' செய்தது, 'ஹங்கர் கேம்ஸ்' செய்தது. 'டைவர்ஜென்ட்' தொடரும் அதைச் செய்யப் பார்த்தபோதுதான் அடி விழுந்தது. 2016-ல் வந்த 'அலீஜியன்ட்' வசூலில் சறுக்கியது. 2017-ல் வர வேண்டிய நிறைவுப் படத்தைத் தொலைக்காட்சிக்கு மாற்றலாம் என்றார்கள். பிறகு அதுவும் கைவிடப்பட்டது. காசு கொடுத்து மூன்று படம் பார்த்த ரசிகர்களுக்குக் கதையின் முடிவு திரையில் கிடைக்கவே இல்லை.

அதன்பின் வரிசையாகத் தோல்விகள். 2018-ல் 'தி டார்கெஸ்ட் மைண்ட்ஸ்', 'மார்ட்டல் என்ஜின்ஸ்' இரண்டும் கவிழ்ந்தன. 'ஸ்பைடர்மேன்' புகழ் டாம் ஹாலண்ட் நடித்தும் 2021-ல் 'கேயாஸ் வாக்கிங்' கரையேறவில்லை.

சுவாரஸ்யம் என்னவென்றால், காலின்ஸ் மட்டும் தோற்கவில்லை. 2025 மார்ச்சில் அவருடைய 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' வெளியாகி, முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தில் 15 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆக, பிள்ளைகள் சலித்துக்கொள்வது இருட்டான கதைகளைப் பார்த்து இல்லை. நகல் எடுத்து நகல் எடுத்து மங்கிப்போன கதைகளைப் பார்த்துத்தான்.

எல்லையோரப் பிள்ளைகளுக்கு இது அந்நியமா?

ஓசூர்ப் பிள்ளைக்குப் பனெம் ஒன்றும் தொலைதூர தேசமில்லை. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று வளர்ந்த ஊர் இது. இப்போது செல்போன் பாகங்களும், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர்களும் தயாராகின்றன. ரோஜாவும் காய்கறியும் லாரி ஏறுகின்றன. சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு என்ற பெருநகரம். காலையில் ஆட்கள் அங்கே போவதும், இரவில் திரும்புவதும் அன்றாடம். ஊரே ஒரு பொருளைச் செய்து எங்கோ அனுப்புகிறது என்ற வரியைப் படிக்கும்போது, அப்பாவின் யூனிஃபார்ம் அந்தப் பிள்ளையின் கண்முன் வராமல் இருக்குமா?

எல்லை என்றால் என்ன என்பதும் இங்கே பாடப்புத்தக விஷயம் இல்லை. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்னை வெடித்தபோது பஸ்கள் எல்லையில் நின்றுபோயின. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நடந்து வந்தார்கள். 2020 ஊரடங்கில் இ-பாஸ் இல்லாமல் அந்த எல்லையைத் தாண்ட முடியவில்லை. அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று பதின்பருவத்தில் இருக்கிறார்கள்.

அதனால்தான் முதல் கதை அவர்களைத் தொட்டது. அதனால்தான் பத்தாவது கதை எரிச்சலூட்டுகிறது. நிஜத்தில் பார்த்த பயத்தை ஒருவர் நேர்மையாகச் சொன்னால் பிள்ளை கேட்கும். அதே பயத்தைப் பளபளப்பான அட்டை போட்டு, மூன்று பாகமாக விற்றால் கண்டுபிடித்துவிடும். பொதுத்தேர்வு, நீட், மதிப்பெண் என்று 'தேர்ந்தெடுக்கும் சடங்கு' ஏற்கெனவே அவர்கள் தலைக்கு மேல் தொங்குகிறது. ஓய்வுக்காகக் கையில் எடுக்கும் புத்தகமும் அதையே சொன்னால் எங்கே போவார்கள்?

தொரப்பள்ளிக்காரர் சொன்ன கதை

ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ல் பிறந்தவர் ராஜாஜி. அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய தமிழில் எல்லா வயதினரும் படிக்கும்படி எழுதியவர். 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்காக 1958-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றார். மகாபாரதத்தை 'வியாசர் விருந்து' என்று தந்தார்.

அந்த மகாபாரதத்தில் ஒரு 'ஹங்கர் கேம்ஸ்' இருக்கிறது. பகாசுரன் கதை!

ஏகசக்கரபுரத்தில் முறை வைத்து ஒரு வீட்டிலிருந்து ஒருவர், வண்டி நிறையச் சோற்றோடு அசுரனுக்கு இரையாகப் போக வேண்டும். அரசனால் காப்பாற்ற முடியவில்லை. ஊரும் இந்த ஏற்பாட்டுக்குப் பழகிவிட்டது. பாண்டவர்கள் ஒளிந்து தங்கியிருந்த வீட்டுக்கு முறை வருகிறது. 'நான் போகிறேன்' என்கிறார் அப்பா. 'நான்தான் போவேன்' என்கிறார் அம்மா. 'என்னை அனுப்புங்கள்' என்கிறாள் மகள். மூவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

அப்போது, பேச்சுகூடச் சரியாக வராத சின்னப் பையன் ஒரு துரும்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறான். "அழாதீங்க, இதால அந்த அசுரனை நான் கொன்னுடுவேன்" என்று மழலையில் சொல்கிறான். அத்தனை துயரத்திலும் எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள். இதுதான் சமயம் என்று குந்தி உள்ளே வருகிறாள். பீமன் போகிறான். பகாசுரன் ஒழிகிறான். இரண்டாம் பாகம் கிடையாது.

இன்றைய நகல் கதைகளில் காணாமல் போனது அந்தத் துரும்புதான். கொடுமை இருக்கிறது, சண்டை இருக்கிறது, ரத்தம் இருக்கிறது. வீடு இல்லை. மழலை இல்லை. சிரிப்பு இல்லவே இல்லை.

இதைத் தமிழில் நன்றாக அறிந்திருந்தவர் சுஜாதா. பெங்களூருவில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். அவருடைய 'என் இனிய இயந்திரா'வும் கெட்டுப்போன எதிர்காலம்தான். ஜீவா என்ற சர்வாதிகாரி, இரண்டெழுத்துப் பெயர்கள், குழந்தை பெறக்கூட அரசாங்க அனுமதி. ஆனால், அந்த இருட்டில் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, குறும்பு பேசுகிறது, வாசகரைச் சிரிக்க வைக்கிறது. தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது பார்த்தவர்களுக்கு இன்றும் ஜீவா முகம் மறந்தாலும் ஜீனோ மறக்காது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* பாதியில் நிறுத்த அனுமதியுங்கள். "காசு கொடுத்து வாங்கினேனே" என்று கட்டாயப்படுத்தினால், அந்தத் தொடரோடு வாசிப்பும் போய்விடும். அலுப்பு என்பது ரசனை வளர்வதன் அடையாளமும்கூட.

* எந்த இடத்தில் அலுத்தது என்று கேளுங்கள். "மூணாவது பாகம் ஏன் பிடிக்கலை?" என்ற கேள்விக்குப் பிள்ளை சொல்லும் பதில், எந்தப் புத்தக விமர்சனத்துக்கும் குறைந்ததில்லை. இரவு ஷிஃப்ட் போகும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேட்கலாம்.

* தமிழில் கை நீட்டுங்கள். சிறுவர் கதைகளை முடித்த பிள்ளை நேராக 'பொன்னியின் செல்வன்' அல்லது ஆங்கில நாவல் என்று தாவுவதுதான் பல வீடுகளில் வழக்கம். இடையில் படிக்கவும் புத்தகங்கள் இருக்கின்றன. பால சாகித்ய புரஸ்கார் பெற்ற எஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' போன்றவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.

* இருட்டான கதைகளைத் தடை செய்யாதீர்கள். அவை அநியாயத்தை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கின்றன. ஆனால், தூக்கம் கெடுகிறது, எதிர்காலத்தைப் பற்றி எப்போதும் பயமாகவே பேசுகிறாள் என்றால், புத்தகத்தைப் பிடுங்குவதைவிடப் பக்கத்தில் உட்காருவது நல்லது.

* ஒருநாள் தொரப்பள்ளிக்குக் கூட்டிப் போங்கள். பக்கத்தில்தான் இருக்கிறது. போகும் வழியில் பகாசுரன் கதையை நீங்களே சொல்லுங்கள்.

மகள் மூடி வைத்த நாவல் அப்படியே இருக்கட்டும். என்றைக்காவது அவளே திறக்கலாம், திறக்காமலும் போகலாம். அழுகிற வீட்டில் அந்தப் பையன் எடுத்து வந்தது வாளோ வில்லோ இல்லை, ஒரு துரும்புதான். அடுத்த முறை புத்தகக் கடைக்குப் போகும்போது, நம் பிள்ளைகளுக்காக நாம் தேட வேண்டியதும் அதைத்தான்.